வளையம் ஒன்றின் வரலாறு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியோர் அதன் எஞ்சினைப் பற்றி எழுதியுள்ளனர். அதன் வேகத்தைப் பற்றி எழுதியுள்ளனர். அதனை ஆக்கிய மேதைகளைப் பற்றியும் எழுதியுள்ளனர். வண்டிக்குள் எண்ணெயை அதற்குரிய இடத்திலும் புழுதியை அதற்குரிய இடத்திலும் நிறுத்தி வைக்கும் சிறு வளையத்தைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. பட்டறைகளில் அதனை 'ஆயில் சீல்' என்பர். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது அது. விலையும் பெரிதன்று. ஆயினும் அது பழுதுற்றால், பல்லாயிரம் வெள்ளி பெறும் பந்தயக் காரும் நின்ற இடத்தில் கரும் பொட்டு ஒன்றை விட்டுச் செல்லும். அப்பொட்டைப் பொருட்படுத்தாத உரிமையாளர் சில ஆண்டுகளில் பல்சக்கரங்கள் தேய்ந்து அலறும் ஓசையைக் கேட்க நேரும்.

இவ்வளையத்தின் வரலாறு, தோல் பதனிடுவோர், வேதியியல் அறிஞர், தோட்டத் தொழிலாளர், சிறைக்கூடக் கைதிகள் எனப் பலதரப்பட்ட மாந்தரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. பழைய விளையாட்டுக் கார் ஒன்றின் பின்னச்சில் ஆயில் சீலை மாற்றும் வேலையின் பின்னே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித முயற்சி நிற்கின்றது.

டிரான்ஸ்ஆக்சில் என்னும் அமைப்பு

முற்காலக் கார்கள் பலவற்றில் எஞ்சின் முன்புறம் இருந்தது. அதனை ஒட்டிக் கியர்ப் பெட்டி இருந்தது. அங்கிருந்து நீண்ட தண்டு ஒன்று பின்னச்சுக்குச் சென்று, டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதியின் வழியாகச் சக்கரங்களைச் சுழற்றியது. வண்டி வளைவில் திரும்பும்பொழுது வெளிப்புறச் சக்கரம் மிகுதியான தொலைவையும் உட்புறச் சக்கரம் குறைந்த தொலைவையும் கடக்கவேண்டும். அவ்விரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவதே டிஃபரன்ஷியலின் பணி. கியர்ப் பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் ஒரே உறைக்குள் அமைத்துவிட்டால் அவ்வமைப்புக்கு டிரான்ஸ்ஆக்சில் என்று பெயர்.

இது புதிய கருத்தன்று. அமெரிக்காவில் ஹாரி ஸ்டட்ஸ் என்பார் 1910-ஆம் ஆண்டை ஒட்டி இத்தகைய பின்னச்சு அமைப்பினைச் செய்தார். 1911-இல் நடைபெற்ற முதலாவது இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவருடைய கார் 11-ஆவதாக வந்தது. இத்தாலியில் 1938-இல் களம் இறங்கிய ஆல்ஃபா ரோமியோ 158 என்னும் பந்தயக் காரும் இவ்வமைப்பைக் கொண்டிருந்தது. அக்காரில் ஃபரீனா 1950-இலும், அதன் வளர்ச்சியாகிய 159-இல் ஃபாஞ்சியோ 1951-இலும் உலக வாகையர் ஆயினர். 1950-இல் வெளிவந்த லான்சியா அவுரேலியா, 1972-இல் வெளிவந்த ஆல்ஃபெட்டா ஆகியவை இதனைப் பொதுமக்கள் ஓட்டும் வண்டிகளுக்குக் கொண்டுவந்தன. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1970-களின் நடுவில் 924 என்னும் காரிலும், 1977-இல் 928-இலும், 1980-களில் 944-இலும், இறுதியாக 968-இலும் இதனைக் கையாண்டது. 1995-இல் 928, 968 ஆகியவற்றின் உற்பத்தி நின்றபொழுது அந்நிறுவனத்தின் இவ்வரிசை முடிவுற்றது.

எஞ்சினை முன்னும் கியர்ப் பெட்டியைப் பின்னும் வைப்பதால் வண்டியின் எடை நான்கு சக்கரங்களின் மீதும் ஏறத்தாழச் சமமாக அமைகின்றது. வளைவுகளில் வண்டி நிலை தடுமாறாமல் செல்வதற்கு இது துணை செய்யும். ஆயினும் ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. சாதாரண வண்டியில் கியர்ப் பெட்டியைக் கடந்த பின்னரே நீண்ட தண்டு சுழல்கின்றது. ஆதலின் தாழ்ந்த கியர்களில் அதன் வேகம் குறைந்தே இருக்கும். டிரான்ஸ்ஆக்சில் கொண்ட போர்ஷே 944-இல், அத்தண்டு எஞ்சினின் வேகத்திலேயே சுழன்று பின்புறத்துப் பெட்டிக்குள் நுழைகின்றது. நிமிடத்திற்கு ஆறாயிரம் சுற்று எஞ்சின் சுழன்றால், தண்டும் ஆறாயிரம் சுற்றுச் சுழலும். அத்தகைய தண்டைச் சுற்றி நின்று எண்ணெயைக் காக்கவேண்டியது ஒரு சிறிய வளையம்.

இவ்வுறைக்குள் தண்டுகள் நுழையும் இடங்களும் வெளிவரும் இடங்களும் நான்கு என்று கொள்ளலாம். எஞ்சினிலிருந்து வரும் தண்டு நுழையுமிடம் ஒன்று. இருபுறச் சக்கரங்களுக்கும் செல்லும் அச்சுகள் வெளிவரும் இடங்கள் இரண்டு. ஓட்டுநரின் கைப்பிடியோடு இணைந்த கியர் மாற்றும் கோல் நுழையுமிடம் ஒன்று. நான்கு வாயில்களிலும் நான்கு காவலர்கள் என நிற்பவையே ஆயில் சீல்கள்.

தோலின் காலம்

சுழலும் தண்டுக்கும் அசையாத உறைக்கும் இடையே உள்ள வெளியை அடைப்பது எப்படி என்னும் சிக்கல் மோட்டார் வண்டிக்கு மிகவும் முற்பட்டது. 1712-இல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகொமன் அமைத்த நீராவிப் பொறியில், உருளைக்கும் உள்ளே ஏறியிறங்கும் தட்டுக்கும் இடையே தோல் வைக்கப்பட்டது. அதன் மேல் சிறிது நீர் ஊற்றி இடைவெளி அடைக்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் வாட், சணல் கயிற்றைக் கொழுப்பில் தோய்த்துத் தண்டைச் சுற்றித் திணிக்கும் முறையைக் கையாண்டார். இறுகத் திணித்தால் தண்டு சூடேறும். தளரத் திணித்தால் நீராவி வெளியேறும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பது தொழிலாளியின் கைப்பக்குவத்தைச் சார்ந்திருந்தது.

1795-இல் ஜோசப் பிராமா நீரழுத்தப் பொறியைக் கண்டுபிடித்தார். அதன் அழுத்தத்தை எவ்வகை அடைப்பும் தாங்கவில்லை. அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே என்னும் இளைஞர், கிண்ணம்போல் வளைத்த தோல் வளையம் ஒன்றை அங்கே பொருத்தியதாக அறியப்படுகின்றது. நீரின் அழுத்தம் மிக மிக, அத்தோலின் விளிம்பும் தண்டோடு மேலும் மேலும் ஒட்டிக்கொண்டது. தன்னைத் தள்ளும் பகையின் வலிமையைக் கொண்டே அப்பகையைத் தடுக்கும் இந்நுட்பம், பிற்கால ஆயில் சீலின் வித்தாகும். மாட்ஸ்லே பின்னாளில் கடைசல் பொறியைச் செப்பம் செய்து பெரும்புகழ் பெற்றார். தோல் வளையத்திற்காக அவரை நினைவுகூர்வோர் சிலரே.

1886-இல் கார்ல் பென்ஸ் ஓட்டிய முதல் மோட்டார் வண்டியில் வார்ப்பட்டையும் சங்கிலியுமே சக்கரத்தைச் சுழற்றின. மூடிய கியர்ப் பெட்டி அதில் இல்லை. பல்சக்கரங்கள் பெருகி, அவை எண்ணெயில் மூழ்கிச் சுழலவேண்டும் என்னும் நிலை வந்தபின்னரே ஒழுக்கு ஒரு பெருந்தொல்லை ஆயிற்று. முதலில் கம்பளி வளையங்களை இட்டுப் பார்த்தனர். பின்னர்த் தோலுக்குத் திரும்பினர். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1878-இல் தோல் வார்ப்பட்டை செய்யத் தொடங்கிய சிகாகோ ராஹைடு நிறுவனம், 1920-களில் கார்களுக்குத் தோலாலான ஆயில் சீல்களைச் செய்தது.

தோல் நல்ல பொருளே. எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு தண்டுக்குத் தானே மசகிடும். ஆனால் வெப்பம் மிகுந்தால் சுருங்கிக் கருகிக் கடினமாகும். எஞ்சின்களின் வேகமும் வெப்பமும் ஆண்டுதோறும் உயர்ந்தன. மாட்டின் தோலோ பழைய தோலாகவே இருந்தது.

வைன்ஹைம் நகரின் தோல் சாலை

ஜெர்மனியில் வைன்ஹைம் என்னும் ஊரில் 1849-இல் கார்ல் யோஹான் ஃபிராய்டன்பர்க் என்பார் கூட்டாளி ஒருவருடன் தோல் பதனிடும் சாலை ஒன்றைத் தொடங்கினார். காலணிகளுக்கான பளபளப்பான தோல் அச்சாலையின் சிறப்புப் பொருளாயிற்று. எண்பது ஆண்டுகள் கழித்து, 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபொழுது தோல் வாணிகமும் சரிந்தது. கையில் தோல் இருந்தது, கைத்தொழில் வல்லார் இருந்தனர், வாங்குவோர் இல்லை. அந்நிலையில் வளர்ந்துவந்த மோட்டார்த் தொழிலை நோக்கி அந்நிறுவனம் திரும்பியது. தோலை வளையமாக்கி எண்ணெய் அடைப்பான்களாக விற்கத் தொடங்கியது.

அங்குப் பணியாற்றிய ஆஸ்திரிய நாட்டுப் பொறியாளர் வால்ட்டர் சிம்மர், 1930-களின் தொடக்கத்தில் அவ்வடைப்பானைச் செம்மைப்படுத்தினார். உலோகக் கூட்டுக்குள் தோல் வளையம் ஒன்று. அவ்வளையத்தின் விளிம்பைத் தண்டோடு மெல்ல அணைத்து நிற்க ஒரு சுருள் கம்பி. கூடு உறையின் துளைக்குள் இறுகப் பொருந்தும். விளிம்பு தண்டின்மேல் மெல்லப் படிந்து நிற்கும். விளிம்பு தேயத் தேயச் சுருள் கம்பி அதனை மீண்டும் தண்டோடு சேர்க்கும். அவர் பெயராலேயே அதற்குச் 'சிம்மரிங்' என்னும் பெயர் அமைந்தது. ஜெர்மனியின் பட்டறைகளில், எந்த நிறுவனம் செய்த சீலையும் சிம்மரிங் என்றே அழைக்கும் வழக்கம் ஊன்றிவிட்டது. ஒரு மனிதனின் பெயர் பொதுச்சொல்லாகி, அம்மனிதன் மறக்கப்படுவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அமைப்பு செம்மையுற்றது. பொருள் இன்னும் தோலாகவே இருந்தது. தோலுக்கு மாற்றாக நெகிழ்வும் உறுதியும் கொண்ட பொருள் எது? இரப்பர் என்பதே எவரும் கூறக்கூடிய விடை. அங்கேதான் இயற்கை தடையாக நின்றது.

இயற்கை இரப்பரால் இயலாதது

மலாயாவின் வரலாற்றில் இரப்பரின் இடம் மாணவர் அறிந்ததே. 1877-இல் 22 கன்றுகள் இலண்டனின் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூரை வந்தடைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் வெட்டும் முறையை வகுத்தார். அதன்பின் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து கங்காணிகளின் வழியாக அழைத்து வரப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டின. அமெரிக்காவின் சாலைகளில் ஓடிய கார்களின் சக்கரங்கள் அவ்வுழைப்பின்மீதே உருண்டன.

ஆயினும் அந்த இரப்பரை ஆயில் சீலுக்குப் பயன்படுத்த இயலவில்லை. இயற்கை இரப்பர் நீரைத் தாங்கும்; இழுப்பைத் தாங்கும்; கனிம எண்ணெயைத் தாங்காது. எண்ணெயில் ஊறினால் அதனை உறிஞ்சிப் பருத்துவிடும். பின்னர் மென்மையாகி வலுவிழக்கும். காரின் சக்கரத்துக்கு அரசனாக விளங்கிய பொருள், அதே காரின் கியர்ப் பெட்டி வாயிலில் நிற்கத் தகுதியற்றதாயிற்று.

எண்ணெயைத் தாங்கும் இரப்பரைத் தேடிய முயற்சிக்கு மலாயாவின் பொருளாதாரமும் ஒரு தூண்டுகோலாக அமைந்தது. முதல் உலகப் போருக்குப் பின் இரப்பர் விலை சரிந்ததால், பிரிட்டிஷ் ஆட்சியினர் 1922-இல் ஸ்டீவன்சன் திட்டத்தின் வழியாக ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினர். 1925-இல் விலை பன்மடங்கு உயர்ந்தது. தோட்ட முதலாளிகள் மகிழ்ந்தனர்; இரப்பரை மிகுதியாக வாங்கிய அமெரிக்கர் சினந்தனர். ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் தமக்கெனத் தோட்டம் அமைக்க முனைந்தார். வேதியியல் கூடங்கள் செயற்கை இரப்பரை நாடின. கட்டுப்பாடு 1928-இல் கைவிடப்பட்டது. அது தூண்டிவிட்ட தேடலோ நிற்கவில்லை.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழுவினர், நியூலண்ட் என்னும் பாதிரியாரின் அசெட்டிலின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1930-இல் நியோபிரீனைக் கண்டனர். அதே ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் கொன்ராட், சுங்கூர் என்னும் அறிஞர் இருவர் நைட்ரைல் இரப்பரை உருவாக்கினர். முதலில் 'பூனா என்' என்றும் பின்னர்ப் 'பெர்பூனான்' என்றும் அது பெயர் பெற்றது. எண்ணெயில் ஊறினாலும் அது பெரிதும் பருப்பதில்லை. 1936-இல் சிம்மரிங் வளையங்களில் தோலின் இடத்தை இச்செயற்கை இரப்பர் ஏற்றது. தோல் பதனிடுவோரின் நிறுவனம் இரப்பர் நிறுவனமாக மாறும் பயணம் அங்கே தொடங்கியது. 2002-இல் அந்நிறுவனம் தோல் பதனிடுவதையே முற்றாக நிறுத்திக்கொண்டது.

இருண்ட ஆண்டுகள்

இக்கதையை இவ்வளவோடு நிறுத்தினால் அறிவியலின் வெற்றிக் கதையாக அது முடிந்துவிடும். வரலாறு கற்பிப்போர் அவ்வாறு நிறுத்துதல் முறையன்று.

1933-இல் ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். அயல்நாட்டு இரப்பரை நம்பாமல் போர் நடத்த விரும்பிய அவ்வாட்சி, செயற்கை இரப்பருக்குப் பேராதரவு அளித்தது. ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் 1941-இல் போலந்தின் ஆஷ்விட்ஸ் அருகே பெரியதொரு பூனா தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கியது. அதற்கென்றே 1942-இல் மோனோவிட்ஸ் என்னும் வதைமுகாம் திறக்கப்பட்டது. பட்டினியாலும் அடியாலும் குளிராலும் அங்கு மாண்ட கைதிகள் பல்லாயிரவர். இத்தனைக்கும் அத்தொழிற்சாலை போர் முடியும்வரை ஒரு துண்டு இரப்பரையும் ஆக்கவில்லை.

ஃபிராய்டன்பர்க் நிறுவனத்தின் கணக்கும் தூய்மையானதன்று. யூதர்களிடமிருந்து கைமாறிய தொழில்களை அது வாங்கியது. போர்க்காலத்தில் கட்டாய உழைப்பாளரைப் பயன்படுத்தியது. சாக்சன்ஹவுசன் முகாமில் 1940 முதல் காலணிச் சோதனைப் பாதை ஒன்று இருந்தது. தோலுக்கு மாற்றான அடிப்பொருள்கள் எவ்வளவு உழைக்கும் என்பதை அறிய, கைதிகள் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல் அப்பாதையில் நடத்தப்பட்டனர். அச்சோதனையால் பயன்பெற்ற நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. நிறுவனமே கேட்டுக்கொண்டதற்கு இணங்க வரலாற்றறிஞர் யோவாக்கிம் ஷோல்ட்டிசெக் ஆய்ந்து 2016-இல் வெளியிட்ட நூல் இவற்றையெல்லாம் பதிவு செய்துள்ளது. தன் பழியைத் தானே எழுதச் செய்த நேர்மை பாராட்டத் தக்கது. நடந்து நடந்து வீழ்ந்தவர்களுக்கு அந்நேர்மை காலம் கடந்தே வந்தது.

அதே ஆண்டுகளில் கிழக்கிலும் இரப்பர் மனிதரை வாட்டியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மலாயாவின் இரப்பருக்கு மேலைநாட்டுச் சந்தை அடைபட்டது. தோட்டங்கள் முடங்கின. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். மீண்டு வராதோர் மிகப் பலர். இயற்கை இரப்பரைத் தந்த கைகளும், செயற்கை இரப்பருக்காக வதைபட்ட கைகளும் ஒரே போரின் இரு முனைகளில் ஒடிந்தன.

விளிம்பின் நுட்பம்

போருக்குப் பின் ஆயில் சீல் உலகெங்கும் பரவியது. ஆயினும் அது எவ்வாறு வேலை செய்கின்றது என்பது நெடுநாள் விளங்கவில்லை. இரப்பர் விளிம்பு தண்டோடு அழுந்தி உராய்வதால் எண்ணெய் தடைபடுகின்றது என்றே பலரும் எண்ணினர். அவ்வாறாயின் விளிம்பு சில மணி நேரத்தில் எரிந்து தேய்ந்திருக்கவேண்டும். 1957-இல் இங்கிலாந்தின் ஜாகர் என்னும் ஆய்வாளர், விளிம்புக்கும் தண்டுக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் நிலவுவதை எடுத்துக்காட்டினார். அப்படலத்தின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. விளிம்பு தண்டின்மேல் நேராக உராய்வதில்லை, எண்ணெயின்மேல் மிதக்கின்றது.

அப்படியாயின் அந்த எண்ணெய் ஏன் வெளியே வருவதில்லை? விளிம்பின் இரு பக்கச் சரிவுகளும் சமமாக இருப்பதில்லை. எண்ணெய் இருக்கும் பக்கம் செங்குத்தாகவும் காற்று இருக்கும் பக்கம் சாய்வாகவும் அது அமைக்கப்பட்டுள்ளது. இவ்வேறுபாட்டினால், தண்டு சுழலும்பொழுது வெளியே வர முயலும் எண்ணெயை விளிம்பே மீண்டும் உள்ளே தள்ளுகின்றது. எனவே ஆயில் சீல் வெறும் அடைப்பான் என்று கருதுதல் பொருந்தாது. அது மிகச் சிறிய இறைப்பான் எனலாம். வளையத்தைப் பக்கம் மாற்றிப் பொருத்தினால், அதே ஆற்றல் எண்ணெயை வெளியே இறைத்துவிடும்.

வண்டியை ஓட்டாமலேயே நிறுத்தி வைப்பதால் சீல் காக்கப்படும் என்று கருதுவோர் உளர். நெடுங்காலம் நின்ற வண்டியில் விளிம்பு உலர்ந்து இறுகி, தண்டின் ஒரே நிலையில் பதிந்து நெகிழ்ச்சியை இழக்கின்றது. மீண்டும் ஓட்டத் தொடங்கிய சில நாள்களில் ஒழுக்கும் தொடங்குகின்றது. அளவாக ஓடும் வண்டியைவிட, போற்றிப் பூட்டி வைத்த வண்டியில் ஒழுக்கு மிகுதியாவதன் காரணம் இதுவே.

சீலை மாற்றும் முறை

போர்ஷே 944 போன்ற காரில் சக்கர அச்சுப் பக்கத்துச் சீலை மாற்றுவதைச் சான்றாகக் கொள்ளலாம். முதற்கண் ஒழுகுவது எந்த எண்ணெய் என அறிதல் வேண்டும். கியர் எண்ணெய்க்குக் கந்தகம் கலந்த வாடை உண்டு. எஞ்சின் எண்ணெய்க்கு அவ்வாடை இல்லை. மூக்கு சொல்லும் சான்றையும் பட்டறையில் தள்ளுதல் ஆகாது.

அடுத்துப் பெட்டியின் காற்றுத் துளையைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் சூடேறும்பொழுது பெட்டிக்குள் காற்று விரியும். அது வெளியேற ஒரு சிறு துளை உண்டு. சேற்றால் அது அடைபட்டிருந்தால் உள்ளழுத்தம் மிகுந்து எண்ணெயைச் சீல்களின் வழியே தள்ளும். துளையை நோக்காது சீலை மட்டும் மாற்றியவர் மூன்று திங்களில் மீண்டும் அதே வேலையைச் செய்ய நேரும். நோயின் குறியையும் நோயின் காரணத்தையும் வேறு பிரித்தறியும் அறிவு இங்கே தேவைப்படுகின்றது.

பின்னர் வண்டியை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தவேண்டும். எண்ணெயை வடிப்பதற்கு முன்னரே, எண்ணெய் ஊற்றும் அடைப்பைத் திறந்து பார்த்துவிடுதல் அறிவுடைமை. வடித்தபின் அவ்வடைப்பு திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே கிடக்கும். எண்ணெய் வடிந்ததும், சக்கர அச்சின் உட்புற இணைப்பைப் பிணைக்கும் ஆறு போல்ட்டுகளைக் கழற்றி அச்சை ஒரு பக்கமாகக் கட்டி வைக்கவேண்டும். இப்போல்ட்டுகளின் தலையில் அழுக்கு நிறைந்திருக்கும். அதனைத் தோண்டி அகற்றாது சாவியை இட்டுத் திருகினால் தலை சிதைந்துவிடும். அதன்பின் நடுப்போல்ட்டைக் கழற்றி இணைப்புத் தட்டை வெளியே எடுத்தால், பழைய சீல் கண்ணுக்குத் தெரியும்.

அதனை நெம்பி எடுக்கும்பொழுது உறையின் துளையைக் கீறிவிடலாகாது. உறை அலுமினியக் கலவையால் ஆனது, மென்மையானது. அடுத்து இணைப்புத் தட்டின் தண்டினைத் துடைத்து நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். பல்லாண்டுகள் ஒரே இடத்தில் படிந்த விளிம்பு, தன்னைவிடப் பன்மடங்கு கடினமான எஃகில் பள்ளம் ஒன்றைத் தோண்டியிருக்கும். விளிம்பில் ஒட்டிய நுண்துகள்கள் எஃகை அரித்ததன் விளைவு அது. பள்ளம் ஆழமாயின் மெல்லிய எஃகு உறை ஒன்றைத் தண்டின்மேல் அணிவிப்பர், அல்லது தட்டையே மாற்றுவர். உப்புத்தாள் கொண்டு சாய்வாகத் தேய்த்தால், அக்கீறல்கள் திருகுபோல் அமைந்து எண்ணெயை வெளியே இழுத்துவிடும்.

புதிய சீலின் விளிம்பில் எண்ணெய் தடவி, சுருள் கம்பி உள்ள பக்கம் உட்புறம் நோக்குமாறு வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டினால் கூடு வளையும். உலர்ந்த விளிம்போடு பொருத்தினால் முதல் நிமிடத்திலேயே அது கருகும். இறுதியாக, வண்டியின் கையேடு கூறும் தரத்து எண்ணெயை ஊற்றவேண்டும். சக்கரப் பக்கத்து வேலை இவ்வளவில் முடியும். எஞ்சின் பக்கத்துத் தண்டின் சீலாயின், டிரான்ஸ்ஆக்சில் முழுவதையுமே கீழே இறக்கவேண்டியிருக்கும். வளையம் சிறிது, அதனை அடையும் வழி நெடிது.

சிறிய வளையமும் பெரிய பொறுப்பும்

1957-இல் டூபாண்ட் நிறுவனம் வைட்டான் என்னும் ஃபுளோரின் கலந்த இரப்பரை வெளியிட்டது. நைட்ரைல் ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தைத் தாங்கும். வைட்டான் 200 பாகையையும் தாங்கும். எனினும் குளிரில் அது இறுகிவிடும். எப்பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை அறிந்தோர் சொல்லும் சொல்லைக் கேளாமை பெருங்கேடாய் முடியும்.

1986 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறி எழுவர் மாண்டனர். கலத்தை உந்திய ராக்கெட்டின் இணைப்பில் இருந்த வைட்டான் வளையம், அன்றைய கடுங்குளிரில் நெகிழ்ச்சி இழந்து எரிவாயுவைத் தடுக்கத் தவறியது. முந்திய இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தனர். அவர்கள் சொல் ஏறவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த அறிஞர் ஃபைன்மன், அவ்வளையத்தின் துண்டு ஒன்றைப் பனிநீரில் இட்டு அதன் இறுக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். மாண்ட எழுவருள் கிறிஸ்டா மெக்காலிஃப் என்பவர் பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து மாணவர்க்குப் பாடம் நடத்தச் சென்றவர் அவர். நாடெங்கும் வகுப்பறைகளில் மாணவர்கள் தொலைக்காட்சியில் அக்காட்சியைக் கண்டுகொண்டிருந்தனர்.

தேரின் பெருமையை எண்ணுவோர் அச்சாணியை எண்ணுதல் அரிது என்பதை உணர்ந்தே வள்ளுவர் அதனை எடுத்துக்காட்டாக ஆண்டார். ஆயில் சீலும் அவ்வினத்தைச் சேர்ந்தது. அது நன்றாக வேலை செய்யும்வரை அதன் இருப்பே எவர்க்கும் தெரிவதில்லை. பிராமாவின் பெயர் நின்ற இடத்தில் மாட்ஸ்லேயின் வளையம் மறைந்தது. காரின் பெயர் நின்ற இடத்தில் பால் வெட்டியவரும், தோல் பதனிட்டவரும், சோதனைப் பாதையில் நடந்து வீழ்ந்தவரும் மறைந்தனர். தோட்டப்புறத்துப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுக்கு இரப்பரின் வரலாறு விலைப்பட்டியலாகவும் ஏற்றுமதிக் கணக்காகவும் மட்டுமே கற்பிக்கப்படுமாயின், அம்மறைவு இன்னொரு தலைமுறைக்கும் நீளும். பொருளின் வரலாற்றோடு அதனைத் தொட்ட கைகளின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.